மன்னிப்பு ஒரே நாளில், கணக்கு 36 மாதத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தவக்காலம் வந்துவிட்டால் சேலத்தில் சுவரில் இடம் கிடைக்காது. ‘ஒரே இரவில் விடுதலை’, ‘இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பும்’ என்று உபவாசக் கூட்டச் சுவரொட்டிகள் அஸ்தம்பட்டி வரை ஒட்டிக்கொண்டே போகும். கூட்டங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கூட்டம் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை என்ன செய்வது என்று அங்கே யாரும் சொல்லித் தருவதில்லை, அதற்காகத்தான் எழுதுகிறோம். கையாடிய பணம் கையாடியபடியே கிடக்கிறது. வாய்தா தேதி மாறவில்லை. தாய்வீட்டுக்குப் போன மனைவி திரும்பவில்லை. ‘ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்றால் இதெல்லாம் ஏன் தீரவில்லை?’ என்ற கேள்வி அப்போது எழுகிறது. பதில் கிடைக்காதவர்களில் ஒரு பகுதியினர் மன்னிப்பே கிடைக்கவில்லை என்று முடிவுகட்டி ஆலய வாசலை மிதிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இன்னொரு பகுதியினர், கடவுளிடம் சரிசெய்துகொண்டேன், இனி எந்த மனிதனுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நெஞ்சை நிமிர்த்துகிறார்கள். இரண்டாவது கூட்டத்தைத் திருத்துவதுதான் கடினம்.

சங்கீதம் 99:8 ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறது: தேவன் அவர்கள் செயல்களுக்கு நீதி சரிக்கட்டினார், ஆனாலும் அவர்களுக்கு மன்னிக்கிற தேவனாயிருந்தார். ‘சரிக்கட்டுதல்’ செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர்களுக்குத் தெரிந்த சொல்தான், பற்று வரவைக் கட்டி முடிப்பது. மன்னிப்பு ஒரு வேலை, கணக்குத் தீர்ப்பது வேறொரு வேலை. ஒன்று நடந்ததால் மற்றது நடந்ததாகிவிடாது. எண்ணாகமம் 14-ல் முறுமுறுத்த ஜனங்களை மன்னிக்கும்படி மோசே கேட்டதும் ‘மன்னித்தேன்’ என்று பதில் வருகிறது. ஆனால் அந்தத் தலைமுறை கானானைக் காணாது என்ற தீர்ப்பும் அதே பேச்சிலேயே தொடர்கிறது.

தாவீதின் கதை எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு அதில் உள்ள வரிசையைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனையும் போரில் சாகவைத்ததை 2 சாமுவேல் 12-ல் நாத்தான் தீர்க்கதரிசி வந்து எடுத்துச் சொன்னதும், 13-ம் வசனத்தில் ‘பாவஞ்செய்தேன்’ என்கிறார் தாவீது; அதே வசனத்தில் பாவம் நீக்கப்பட்டதாகப் பதில். இடைவெளி ஒரு வரிகூட இல்லை. அடுத்த வசனத்தில் பிள்ளை சாகும் என்ற செய்தி. தாவீது உபவாசித்துத் தரையில் கிடக்கிறார். ஏழாம் நாள் பிள்ளை இறந்துபோகிறது. உபவாசம் பலிக்கவில்லையா என்று கேட்பவர்கள் 20-ம் வசனத்தையும் படிக்க வேண்டும்: எழுந்தார், குளித்தார், எண்ணெய் பூசினார், உடை மாற்றினார், ஆலயத்துக்குப் போய்ப் பணிந்தார், பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். விளைவு நீங்காமலே உறவு திரும்பிவிட்டது. அதற்கு இந்த ஒரு வசனம் போதும்.

அந்தப் பாவத்துக்காகத் தாவீது பாடிய 51-ம் சங்கீதத்தில் மொத்தம் 19 வசனங்கள். அரியணை போகக் கூடாது என்றோ, பெயர் கெடக் கூடாது என்றோ, வீட்டில் சண்டை வரக் கூடாது என்றோ அதில் ஒரு விண்ணப்பமும் இல்லை. கேட்பது சுத்த இருதயம், நிலைவரமான ஆவி, இரட்சணியத்தின் சந்தோஷம். 14-ம் வசனத்தில் ‘இரத்தப்பழி’ என்று செய்ததைப் பெயர் சொல்லியே கேட்கிறார். ‘தெரிந்தும் தெரியாமலும் செய்த குற்றங்களை’ என்று மூடி மழுப்பி ஜெபிக்கிற நம் வழக்கத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். 4-ம் வசனத்தைத் தவறாகப் பிடித்துக்கொள்பவர்களும் உண்டு. ‘தேவரீர் ஒருவருக்கே விரோதமாக’ என்று தாவீதே சொல்லிவிட்டாரே, பிறகு மனிதரிடம் எதற்கு என்பார்கள். தாவீது அதைப் பாடும்போது உரியா செத்துவிட்டான். உங்கள் உரியா சூரமங்கலத்தில் உயிரோடு இருக்கிறார், போன் நம்பரும் உங்களிடம் இருக்கிறது.

தாவீதுக்கு முன் ராஜாவாக இருந்த சவுலும் ‘பாவஞ்செய்தேன்’ என்றுதான் சொன்னார். 1 சாமுவேல் 15:30-ல் அந்த வாக்கியம் முடிவதற்குள் அடுத்த கோரிக்கை வந்துவிடுகிறது: மூப்பர்களுக்கு முன்னால் என் கௌரவத்தைக் காப்பாற்றும். மனஸ்தாபம் (செய்த பாவத்துக்காக வருந்துவது) உண்மையா என்று சோதிக்க எங்களுக்குத் தெரிந்த எளிய வழி இதுதான். ‘யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாமா?’ என்பது முதல் கேள்வியாக வந்தால் இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். ‘அவருக்கு எவ்வளவு நஷ்டம்?’ என்பது முதல் கேள்வியாக வந்தால் அன்றைக்கே வேலையைத் தொடங்கலாம்.

கத்தோலிக்கப் பெரியவர்கள் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்த ஐந்து காரியங்கள் உண்டு: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, பாவசங்கீர்த்தனம் (குருவிடம் அறிக்கையிடுவது), பரிகாரம் (ஈடுசெய்வது). சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆராதனையில் பொதுப் பாவ அறிக்கையாக வருவதும், பெந்தெகொஸ்தே சபைகளில் ‘மனந்திரும்புதல்’ என்று பேசப்படுவதும் இதே பாதைதான். எந்தச் சபையாக இருந்தாலும் நாலு காரியம் நடந்துவிடுகிறது, ஐந்தாவதில் வண்டி நின்றுவிடுகிறது. ஆகவே கடிதத்தின் பெரும்பகுதி அந்த ஐந்தாவதைப் பற்றியே.

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். பக்கத்தை நான்காகப் பிரித்துக் கோடு போடுங்கள்: யாருக்கு, என்ன செய்தேன், மதிப்பு எவ்வளவு, இன்று யார் கையில் சேர வேண்டும். போனில் எழுத வேண்டாம், பிள்ளைகள் கையில் போய்ச் சேரும். ஒரே இரவில் எல்லாவற்றையும் எழுத முயலாதீர்கள். மூன்று நாள் விட்டுவிட்டு எழுதினால், முதல் நாள் ‘கடன்’ என்று எழுதியது மூன்றாம் நாள் ‘திருட்டு’ என்று தெரியவரும்.

தொகைக்கு விவிலியத்திலேயே அளவு இருக்கிறது. எண்ணாகமம் 5:7-ன்படி முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். ஏலச்சீட்டு நடத்தியவர் 1,80,000 ரூபாயைச் சொந்தச் செலவுக்கு எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒன்று 36,000. ஆக 2,16,000. மாதம் 6,000 கட்டினால் 36 மாதம். சுவிசேஷத்தில் வரும் வரிவசூல்காரன் சகேயு நாலத்தனையாக (நாலு மடங்காக) தருகிறேன் என்றது அவனாகச் சொன்னது, அதை யாரும் அடுத்தவர் தலையில் சுமத்தக் கூடாது. கட்ட முடியாத தொகையை உணர்ச்சிவேகத்தில் ஒப்புக்கொள்வதால்தான் பெரும்பாலும் இது பாதியில் நிற்கிறது. மாதம் 15,000 என்று கண்ணீரோடு சொல்லிவிட்டு நான்காம் மாதம் தலைமறைவானால், இழந்தவர் இரண்டாம் முறையாக ஏமாறுகிறார். குடும்பச் செலவு, வாடகை, பிள்ளைகள் ஃபீஸ் போக மிச்சம் எவ்வளவு என்று பார்த்து, அதிலும் கொஞ்சம் குறைத்துச் சொல்லுங்கள். சொன்ன தேதியில் கட்டுங்கள். சீட்டில் பலர் பணம் போட்டிருந்தால் சத்தம் போடுபவருக்கு முதலில் கொடுக்கிற பழக்கம் வேண்டாம். விதவை, தினக்கூலி, வயதானவர் முதலில்.

கொலுசுப் பட்டறைக்காரர்களுக்குத் தனியாக ஒரு வரி. சேதாரக் கணக்கைக் கூட்டி எழுதி எடுத்த வெள்ளியை அன்றைய விலைக்குப் பணமாகத் திருப்பித் தருவது சரியான ஈடு ஆகாது. எடுத்தது எடை, ஆகவே திருப்புவதும் எடையில்தான். 250 கிராம் எடுத்திருந்தால் ஐந்தில் ஒன்று 50 கிராம் சேர்த்து 300 கிராம் வெள்ளி, அல்லது 300 கிராமுக்கு இன்றைய விலை. ஏற்காட்டில் எஸ்டேட் காபி, மிளகு விஷயமும் இப்படித்தான், கிலோவில் கணக்குப் பாருங்கள்.

எழுதிக்கொடுத்த புரோநோட்டு மூன்று ஆண்டைக் கடந்துவிட்டால், 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி பொதுவாக அதை வைத்து வழக்குப் போட முடியாது. ‘காலாவதி ஆகிவிட்டது, இனி நான் கடன்காரன் இல்லை’ என்று நிம்மதியடைகிறவர்கள் உண்டு. எண்ணாகமத்தில் காலாவதி கிடையாது. 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 25(3)-ம் பிரிவின்படி, காலாவதியான கடனையும் தருகிறேன் என்று புதிதாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அது மறுபடியும் செல்லும். கடன் கொடுத்தவர் கேட்காமலே அப்படி ஒரு தாளை எழுதிக்கொண்டு போய்க் கொடுப்பது, சபை நடுவில் அழுவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் கையெழுத்து வாங்குங்கள். கடைசித் தவணையில் பழைய புரோநோட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள். இழந்தவர் இறந்துவிட்டால் வாரிசுக்கு. வாரிசும் இல்லை என்றால் அதை ஆலயத்தில் சேர்க்க எண்ணாகமம் 5:8 வழி சொல்கிறது. ஆளே இல்லாதபோதுதான் அந்த வழி. ஆள் இருக்கும்போது பெயர் எழுதாத காணிக்கை உறையில் போட்டுவிட்டுப் போவது தப்பித்தல். மத்தேயு 5:24 காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னேயே வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறது. (‘ஒப்புரவு’ குறளில் 22-ம் அதிகாரத்தின் தலைப்பிலும் இருக்கிறது. அங்கே அது ஊருக்கு உதவி வாழும் பண்பு. விவிலியத் தமிழில் அது பிளந்த உறவைச் சேர்ப்பது. பொருள் வேறானாலும் இரண்டுமே கையிலிருந்து எதையாவது கொடுக்காமல் நடக்காது.) நாபோத்தைச் சாகவைத்து அவன் தோட்டத்தை எடுத்துக்கொண்ட ஆகாப் ராஜாவும் இரட்டு (சாக்குத்துணி) உடுத்தி உபவாசித்தான், தண்டனைகூடத் தள்ளிப்போயிற்று. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை அவன் திருப்பிக் கொடுத்ததாக மட்டும் ஒரு வார்த்தையும் இல்லை.

பணத்தில் அளக்க முடியாத குற்றங்களில் அவசரம் ஆகாது. தாம்பத்தியத் துரோகம் என்றால் வாழ்க்கைத்துணையிடம் சொல்வதற்கு முன்னால், மற்றத் தொடர்பை முழுதாக அறுத்திருக்க வேண்டும். ‘கடைசியாக ஒரு தடவை பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறேன்’ என்று போகக் கூடாது. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. கிருமி தொற்றியவுடனே பரிசோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதுவரை துணையைக் காப்பாற்றுவதும் பரிகாரத்தில் சேர்ந்ததே. சொல்லும்போது ஒரே முறையில் முழு உண்மையையும் சொல்லுங்கள். தவணைமுறையில் சொன்னால், ஒவ்வொரு புதுத் துணுக்கும் வெளிவரும்போது அவருக்கு அது முதல் நாள்தான். ஆனால் காட்சி காட்சியாக விவரிக்க வேண்டாம். அது உங்கள் பாரத்தை அவர் தலையில் இறக்குவது. அடித்தவரை மன்னித்த மனைவி அவரோடு ஒரே வீட்டில் இருந்தாக வேண்டும் என்று எந்தப் போதகரும் சொல்லக் கூடாது. மன்னிப்பு அவர் கொடுப்பது, நம்பிக்கை நீங்கள் சம்பாதிக்க வேண்டியது. பெண்களுக்கான உதவி எண் 181.

குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தில் ‘சபைக்குள் பேசித் தீர்ப்பது’ என்ற வழியே இல்லை. போக்சோ சட்டம் 19-ம் பிரிவின்படி தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் 21-ம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். குற்றவாளி மனந்திரும்பியிருந்தால் சிறையிலும் கடவுள் அவரைச் சந்திப்பார்.

வழக்கு நிலுவையில் இருப்பவர்களுக்கு: கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 983-ன்படி பாவசங்கீர்த்தன இரகசியம் மீறக் கூடாதது. ஆனால் பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டம் வழக்கறிஞரிடம் பேசுவதற்குத் தருகிற பாதுகாப்பைப் போதகரிடம் பேசுவதற்கு எழுதித் தரவில்லை. ஆகவே வழக்கு விவரங்களை முதலில் வழக்கறிஞரிடம் பேசுங்கள். வசதி இல்லாதவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100-ல் கேட்கலாம். பொய் சொல்லித் தப்ப ஆலோசனை கேட்பதை மனந்திரும்புதலோடு கலக்காதீர்கள். அஸ்தம்பட்டி மத்திய சிறைக்குள் இருப்பவருக்கு ‘ஜெபித்தால் விடுதலை’ என்று வெளியிலிருந்து வாக்குக் கொடுப்பவர்கள், மனு தள்ளுபடியானால் அவர் விசுவாசம் என்ன ஆகும் என்று யோசிப்பதில்லை. உள்ளே இருந்தபடியே நோட்டை எழுதலாம். இழந்தவருக்கு நேராகக் கடிதம் போடாதீர்கள். சாட்சியை மிரட்டியதாக அது மாறக்கூடும். வழக்கறிஞரைக் கேட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. பல வருடம் தினமும் குடித்தவர் ஆலயத்தில் பொருத்தனை செய்துவிட்டு அன்றைக்கே நிறுத்துகிறார், அல்லது மூன்று நாள் உபவாச ஜெபத்துக்கு அழைத்துப் போகப்படுகிறார். கடைசிக் குடி முடிந்து ஆறு மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பிதற்றல், இல்லாத பூச்சிகள் ஊர்வதாகத் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமை. மூன்று நாள் உபவாசம் மிகச் சரியாக இந்த நாட்களில்தான் விழுகிறது. பட்டினி வேறு. அதைப் ‘பிசாசு புறப்படுகிறது’ என்று நினைத்து நாலு பேர் அமுக்கிப் பிடிக்கிறார்கள். அது மருத்துவ அவசரநிலை, கவனிக்காவிட்டால் உயிர் போகும். 108-ஐ அழையுங்கள். நடுக்கம் மட்டும் இருந்தாலும் முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே தையமின் என்கிற வைட்டமின் பி1 ஊசியும் நடுக்கத்துக்கு மாத்திரையும் தருவார்கள். தையமின் இல்லாமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம், ஆகவே தெருமுனையில் டிரிப் ஏற்றிக்கொள்ளவும் வேண்டாம். வாரம் பத்து நாள் கழித்து உடம்பு தேறியபின் உபவாசம் இருக்கலாமா என்று மருத்துவரையே கேளுங்கள். குடிநோய் உதவி எண் 14446.

இனி சபைகளுக்கு. மனந்திரும்பி மூன்று வாரம்கூட ஆகாத ஒருவரை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைக்கிறோம். 51-ம் சங்கீதத்தில் ‘பாதகருக்கு உமது வழிகளை உபதேசிப்பேன்’ என்பது 13-ம் வசனம், கழுவப்படுவதும் புதுப்பிக்கப்படுவதும் அதற்கு முன்னால். கைதட்டல் கிடைத்துவிட்டால் நோட்டு மூடப்பட்டுவிடும் என்பதே பயம். பாதிக்கப்பட்டவர் அதே கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கலாம் என்பதையும் யாரும் நினைப்பதில்லை. ஒரு வருடமாவது தவணைகள் ஒழுங்காகப் போகட்டும்.

கடவுளோடு உறவு திரும்புவதும் பதவி திரும்புவதும் ஒன்றல்ல. காணிக்கைப் பணத்தைத் தொட்டவர் முழுமையாக மன்னிக்கப்பட்டவராக, திருவிருந்தில் பங்குபெறுகிறவராக, பாடகர் குழுவில் பாடுகிறவராக இருக்கலாம். பணப்பெட்டிச் சாவி மட்டும் அவர் கையில் வேண்டாம். அது தண்டனைக்காக இல்லை, மதுக்கடை வாசலில் குடிநோயாளியை நிறுத்தாதிருப்பது மாதிரி. இதைப் பொருளாளர் தேர்தல் நேரத்தில் சொல்லாமல், மன்னிப்புப் பேசும் அன்றைக்கே சொல்லிவிடுவது நல்லது.

இதற்கு எதிரான தவறும் நடக்கிறது. பத்து வருடத்துக்கு முந்தைய குற்றத்தை வைத்து இன்றும் கல்யாண ஓலையில் பெயர் போடாமல் விடுவது, பிள்ளைகளுக்குப் பெண் கொடுக்காதிருப்பது. கொரிந்து சபையிலும் தண்டிக்கப்பட்டவர் ஒருவர் இருந்தார். கொடுத்த தண்டனை போதும், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்று பவுல் 2 கொரிந்தியர் 2-ல் எழுதுகிறார். கலாத்தியர் 6:1-ல் ‘சீர்பொருந்தப்பண்ணுங்கள்’ என்பதற்குரிய கிரேக்கச் சொல், மத்தேயு 4:21-ல் மீனவர் வலையைப் பழுதுபார்ப்பதற்கும் வருகிறது. கிழிந்த இடத்தில் விரல் வைத்துக் கண்ணி கண்ணியாக முடிவது அந்த வேலை. தூரத்தில் நின்று செய்ய முடியாது. ஒருவருக்கு இரண்டு பேர் போதும், மாதம் ஒருமுறை நோட்டைத் திறந்து பார்க்க. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி மூன்று நாள் தியானம் முடித்து இறங்குகிறவரை, அடிவாரத்தில் யாராவது நோட்டோடு எதிர்கொண்டால் தியானம் பலிக்கும்.

கடைசியாக, எல்லாம் செய்தும் மன்னிக்கப்பட்டதாகவே தோன்றாதவர்கள். அதே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுகிறார்கள், ஒரு போதகர் போதாமல் நாலு போதகரிடம் போகிறார்கள். 1 யோவான் 1:9 உணர்ச்சியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அறிக்கையிட்டால் அவர் உண்மையுள்ளவர் என்கிறது. நோட்டில் அறிக்கை செய்த தேதியை எழுதி ஒரு கோடு போடுங்கள். மறுபடி மனம் குத்தினால் புதிதாக அறிக்கை செய்யாமல் அந்தத் தேதியைப் பாருங்கள். விளைவு ஒவ்வொன்று வரும்போதும், ‘இன்னும் கோபம் தீரவில்லை போல’ என்று படிக்காதீர்கள். ஈரல் கெட்டதும், வேலை போனதும், மகள் பேசாததும் விதைத்ததன் அறுவடை. அறுக்கும் நாளிலும் வயலில் கூட நிற்பவர் இருக்கிறார். தூக்கம் வாரக்கணக்கில் போய், சாகலாம் என்ற எண்ணம் வந்தால் அதைப் ‘பாவ உணர்வு’ என்று வளர்க்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, இரவிலும் பேசலாம், தமிழில் பேசுவார்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. பக்கத்தில் இடம் இல்லையென்றால் தாவீதையும் சகேயுவையும் வெட்டிவிடுங்கள், அவர்களை ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கொள்வார்கள். குடியை நிறுத்துவதைப் பற்றிய பத்தியையும் 108, 14446, 14416, 181, 1098, 15100 ஆகிய எண்களையும் மட்டும், புனித வாரத்துக்கு முன் வெளியிட்டால் போதும்.

இப்படிக்கு,
சபை மூப்பர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம் – 636 007.